கண்ணாடிப் பெட்டிக்குள் பாஸ்போர்ட்

"பாஸ்போர்ட்டைக் காணோம்!"

விடிந்தும் விடியாததுமாக மகள் போட்ட கூச்சலில் வீடே எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டது. அலமாரித் துணியெல்லாம் தரையில் கிடந்தது. மெத்தையையும் புரட்டிப் போட்டாகிவிட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கொடுத்த இடத்துக்கு இன்று சாயங்காலத்துக்குள் சம்மதம் சொல்லி, பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தவறினால் இடம் போச்சு!

கண்ணாடிக்காரம்மா மட்டும் அடுப்படியை விட்டு வரவில்லை. மாடியில் வீடு, கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே கண் பரிசோதிப்பது அவள்தான் என்பதால் தெருவுக்கே அவள் கண்ணாடிக்காரம்மா. பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்தவளே அவள்தானே!

ஓரகத்தி சும்மா விடுவாளா?

"அக்கா, நானும் ஒரு வாரமாப் பாக்குறேன். இருட்டோட மொட்டை மாடிக்குப் போயி யார்கிட்டயோ குசுகுசுன்னு பேசுறீங்க. நான் வந்தா டக்குனு ஃபோனை வச்சிடுறீங்க. இந்த வீட்டுல என்னதான் நடக்குது?"

எல்லார் கண்ணும் அடுப்படிப் பக்கம் திரும்பியது. கணவர் அதிர்ந்து பேசாத மனிதர், கீழே லென்ஸ் தேய்த்துக்கொண்டு தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவர். அவரே கேட்டுவிட்டார்.

"நீ எடுத்தியா?"

அவள் பொங்கிய பாலை இறக்கி வைத்தாள்.

"அம்மாதான்! எனக்குத் தெரியும்..." மகள் கத்தினாள். "மொதல்ல இருந்தே உனக்கு இது பிடிக்கல. நான் போயிட்டா கடையில உக்கார ஆள் இல்லன்னு பயம்!"

"கடைக்காகவாடி...?"

"பின்ன எதுக்கு? சொல்லேன்!"

சொல்லாமலா இருந்தாள்? தலைதலையாய் அடித்துக்கொண்டாள். அந்த நாட்டில் பள்ளிப்படிப்பு நம்மைவிட ஒரு வருஷம் கூடுதல். அதனால் நம் பிள்ளைகளை நேராகப் பட்டப்படிப்பில் சேர்ப்பதில்லை. முதலில் ஒரு தயாரிப்பு வருஷம், அதுவும் வேறு ஒரு நிறுவனம் வேறு கட்டடத்தில் நடத்துவது. பலகையில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். கடைசிப் பரீட்சையில் அவர்கள் கேட்கும் மார்க் வந்தால்தான் உள்ளே விடுவார்கள். வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்! மகளுக்குக் கிடைத்திருப்பது அந்தத் தயாரிப்பு வருஷத்தில் ஓர் இடம். வீடோ அதை 'ஃபர்ஸ்ட் இயர்' என்று கொண்டாடிக்கொண்டிருந்தது. காரணம், ஃபாரின் சார் அப்படித்தான் சொன்னார்.

ஃபாரின் சார் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன்தான். அந்த நாட்டிலேயே படித்துப் பட்டம் வாங்கி வந்தவர் என்று தெரு வைத்த பெயர். வெளிநாட்டைப் பற்றி எதைக் கேட்டாலும் வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம்.

அவர் இப்போது நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எல்லாம் ஒண்ணுதான் அண்ணி... கெட்டிக்காரப் புள்ள, தாண்டிடுவா."

"தாண்டலன்னா தம்பி?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாத்தியா! அங்கயே படிச்ச சித்தப்பா சொல்றாரு. நீ என்னத்தைக் கண்ட? உனக்குப் பொறாமைம்மா!"

பொறாமையாம்! ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லார் வாயும் அடைத்துப் போகும். ஆனால் கொடுத்த வாக்கு ஒன்று குறுக்கே நின்றது. எதிரிலேயே ஓரகத்தி வேறு, புருஷன் படிப்பை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தவள்...

"ஆமா, நான்தான் எடுத்தேன். குடுக்க மாட்டேன். என்ன வேணா நெனச்சுக்கோங்க."

"இனிமே உன்னை அம்மான்னு கூப்பிட மாட்டேன்!"

கணவர் மகளை அதட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கடையைத் திறக்க மாடிப்படியை நோக்கி நடந்தாள்.

"நில்லுங்க அண்ணி!"

கொழுந்தனின் குரல் உடைந்திருந்தது.

"பொய் சொன்னது அண்ணி இல்ல... நான். நான் யுனிவர்சிட்டிக்குள்ள காலே வைக்கல. அந்தத் தயாரிப்பு வருஷத்தோட என் கதை முடிஞ்சுபோச்சு. மார்க் வரல, வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம் ஹோட்டல்ல பாத்திரம் கழுவினேன். செத்துடலாம்னு நெனச்சு அண்ணிக்கு ஃபோன் பண்ணேன். 'உசுரோட வந்து சேருங்க தம்பி, மத்ததை நான் பாத்துக்கிறேன்'னாங்க. அப்பா சாகக் கிடந்தாரு, தெரிஞ்சா தாங்க மாட்டாருன்னு பயம்... யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

மகள் அவர் எதிரில் போய் நின்றாள்.

"தெரிஞ்சே என்னை அதே எடத்துக்கு அனுப்பப் பாத்தீங்களா சித்தப்பா?"

"வேணாம்னு சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பீங்களே கண்ணு... நீ தாண்டிடுவன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

ஓரகத்தியின் முகம் செத்துப்போயிற்று. புருஷனை அவள் பார்க்கவே இல்லை. "உங்ககிட்ட அப்புறம் பேசிக்கிறேன்," என்றவள் கண்ணாடிக்காரம்மாவிடம் திரும்பினாள். "நான் அவர் படிப்பைப் பத்திப் பீத்திக்கிட்டப்பல்லாம் பக்கத்துலயே நின்னீங்களே அக்கா... உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"சிரிக்கலம்மா. என்னிக்கு உனக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயந்துகிட்டே நின்னேன்."

அந்தப் பதிலில் ஓரகத்தி அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவிலும் சந்தேகம் மட்டும் போகவில்லை. "அப்ப அந்த ஃபோனு...?"

"அந்த யுனிவர்சிட்டி ஆபீசுக்குத்தாம்மா. அவங்க வேலை நேரம் நமக்கு விடியக்காலை. இங்கயே ஒரு வருஷம் காலேஜ் முடிச்சிட்டா, அந்தக் குறையுற வருஷத்துக்குச் சரியாப் போயிடுமாம். அடுத்த வருஷம் நேரா பட்டப்படிப்புக்கே மனு போடலாமாம். நேத்துதான் உறுதியாச் சொன்னாங்க."

கணவர் அருகில் வந்தார். "உன்னைப் போயி சந்தேகப்பட்டேனே... மன்னிச்சிடு." எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அவ்வளவு நேரம் அடக்கிவைத்த கண்ணீர் அவளுக்கு அப்போதுதான் பொலபொலவென்று கொட்டியது.

அவள் கீழே போய்க் கடையைத் திறந்தாள். எல்லாரும் பின்னாலேயே இறங்கி வந்தார்கள். கணவர் தினமும் உட்காரும் மேசைக்கு நேர் எதிர் அலமாரி. யாரும் வாங்கிப் போகாத பழைய கண்ணாடிகளின் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் பெரிய பெட்டியைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"ஒளிச்சு வச்சது தப்புதான். இந்தா. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. இப்பவே போகணும்னாலும் சரி, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

மகள் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அதைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்து, மூடி, எட்டி அதே இடத்தில் வைத்தாள். திரும்பி வந்து தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள்.

"அடுத்த வருஷம் வந்து எடுத்துக்கிறேன். அதுவரைக்கும் நீயே பத்திரமா வச்சிரும்மா..."