பார்க்கப் போகிறவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை சிபி வேலைக்குப் போனபோது அவனுடைய மருத்துவமனை அங்கே இல்லை. கட்டடம் இருந்தது. உள்ளே சுவர்கள் நகர்ந்திருந்தன. கட்டில்கள் கிடந்த இடத்தில் பள்ளிக்கூடப் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். அவன் பணியாற்றிய பிசியோதெரபி பிரிவு இனி துடியலூர் வட்டத்தில் இயங்கும் என்று கைப்பேசி சொன்னது.

"துடியலூரா?" என்றாள் அவன் மனைவி மேனகா. "அப்ப வீடு?"

"அதுவும் அங்கதான். எனக்கு மட்டும்."

கோவையில் இது யாரையும் திடுக்கிட வைக்கிற சங்கதியில்லை. ஒவ்வொரு ரயில் நிலையத்தைச் சுற்றியும் நடந்து போகிற தூரத்துக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் எந்தக் கட்டடமும் நிரந்தரமாக வீடோ கடையோ அலுவலகமோ கிடையாது. எது எதுவாக வேண்டும் என்பதைச் சமன்பொறி என்கிற கணினி தீர்மானிக்கும். ஒரு காலத்தில் காலை ரயில்கள் நகரின் நடுப்பகுதிக்குப் பிதுங்கி வழிந்து போய், காலியாகத் திரும்பின. அதைத் தீர்க்கத்தான் சமன்பொறி வந்தது. அதற்கிட்ட கட்டளை எளிமையானது. எந்த ரயிலும் பிதுங்கக் கூடாது, காலியாகவும் ஓடக் கூடாது. எந்த நிலமும் நெரியக் கூடாது, சும்மாவும் கிடக்கக் கூடாது. வேலை எந்த வட்டமோ வீடும் அதே வட்டத்தில்தான் என்ற சட்டம் மட்டும் மக்களே போராடி வாங்கியது.

முதல் சில வருடங்களில் எல்லாம் வீட்டுப் பக்கத்திலேயே வந்துவிட்டது. ரயில்கள் காலியாயின. பிறகு, யாரும் எதுவும் செய்யாமலே, அவை மறுபடி நிரம்பின. இரண்டு திசையிலும், நாள் முழுவதும், எல்லோருக்கும் இருக்கை. சமன்பொறியைக் கண்காணிக்கும் வாரியத்துக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் விருது வந்தது. அந்த வாரியத்தில்தான் மேனகா வேலை பார்த்தாள். ரயில்கள் எப்படி நிரம்பின என்று அவளும் கேட்டதில்லை.

அவள் துடியலூருக்கு மாறுதல் வாங்கினாள். பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதற்குள் சிபியின் பிரிவு போத்தனூருக்குப் போய்விட்டது. அவன் தன் வேலையையே விட்டுவிட்டுத் துடியலூரில் வேறொன்று தேடிக்கொண்டான். அதே மாதம் மேனகாவின் அலுவலகம் போத்தனூருக்கு மாறியது.

"யாரோ நடுவுல நின்னு பிடிச்சுத் தள்ளற மாதிரி இருக்கு," என்றான் சிபி. வேறு ஊருக்குப் போகலாம் என்றால் எல்லா ஊரும் இந்தப் பொறியை வாங்கிவிட்டிருந்தது.

ஒரு மாலை, அவனைப் பார்க்கப் போகிற வழியில், ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் மேனகா பேச்சுக் கொடுத்தாள்.

"எங்கீங்க போறீங்க?"

"துடியலூருக்குங்க. எங்கக்காவைப் பார்க்க. முன்னெல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடுதானுங்க."

அவளுக்கு அடுத்திருந்தவர் மகனைப் பார்க்கப் போனார். ஜன்னலோரத்து இளைஞன் சிநேகிதியை. மேனகா எழுந்து பெட்டி நெடுக விசாரித்துக்கொண்டே நடந்தாள். வேலைக்கென்று ஒருவர் போகவில்லை. கடைக்கென்றும் ஒருவர் போகவில்லை. எல்லோரும் தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்தி, மடியில் எதையாவது பத்திரமாக வைத்துக்கொண்டு யாரையோ பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டிருந்தது அவள் மட்டும்தான். அவள் எழுந்து வந்த இருக்கையைத் தவிர ஓர் இடம் காலியில்லை.

மறுநாள் சமன்பொறியிடமே கேட்டாள்.

"என்னையும் சிபியையும் ஏன் பிரிச்சே?"

"பிரிக்கவில்லை. இருவருக்கும் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. நடுவில் ரயில் இருக்கிறது."

"ஒரே வட்டத்துல வச்சா என்ன?"

"பயணம் இருக்காது. வேலைக்கும் கடைக்கும் போகிற பயணத்தை மக்கள் விரும்புவதில்லை, குறைக்கச் சொல்கிறார்கள். ஒருவரைப் பார்க்கப் போகிற பயணத்தைப் பற்றி மட்டும் யாரும் புகார் தருவதில்லை."

"இன்னும் தூரமா வைக்கலாமே?"

"முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனால் சிலர் வருவதை விட்டுவிடுகிறார்கள். அதனால் அதைத் தாண்டுவதில்லை."

அந்தக் குரலில் பெருமையும் இல்லை, குரூரமும் இல்லை. மேலதிகாரிகளிடம் சொன்னாள். எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கிறதே, இதில் என்ன குறை என்று அவர்கள் கேட்டார்கள்.

சிபிதான் ஒரு வழி கண்டுபிடித்தான். "நாம பார்த்துக்கறதையே நிறுத்திட்டா? நம்மள வச்சு ரயில் ஓட்ட முடியாதுன்னு ஆயிரும். அப்புறம் எதுக்குப் பிரிச்சு வைக்கப் போகுது?"

"ஃபோன்ல பேசலாமில்லீங்க?"

"அதுவும் வேண்டாம் மேனகா. முழுசா நம்பணும் அது."

முதல் வாரங்களில் அவள் நிலையம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். அப்புறம் நிலையத்துக்குப் போவதையும் விட்டாள். ஐப்பசி மழை பிடித்தபோது ஒரு நாள், காலையிலிருந்து சிபியை நினைக்கவே இல்லை என்பது உறைத்து, பயந்துபோய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பங்குனியில் செய்தி வந்தது. சிங்காநல்லூர் வட்டத்தில் இருவருக்கும் வேலை. இருவருக்கும் சேர்த்து ஒரே வீடு. மேனகா வாய்விட்டு அழுதாள்.

அந்த அடுக்கு மாடிக் குடியிருப்பில் எல்லா வீடுகளிலும் குடும்பங்கள் முழுதாக இருந்தன. கணவன், மனைவி, பிள்ளைகள், மாமியார், மாமனார். ஆனால் சத்தமே இல்லை. ஒருவர் பால்கனியில் நின்றால் மற்றவர் சமையலறையில் இருந்தார். நடைவழியில் சிபியைக் கண்டதும் மேனகா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"தள்ளி நில்லுங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "யாரு எங்க நிக்கறாங்கன்னு தரைக்குத் தெரியுமுங்க. எடம் வீணாகுதான்னு பார்க்க அதுக்குள்ள கருவி வச்சிருக்காங்க. ரொம்ப நேரம் ஒண்ணா நின்னா அடுத்த மாசம் ஆளுக்கொரு மூலைக்குப் போயிருவீங்க."

"அப்ப நீங்களும் உங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சமாளிக்கறீங்களா?"

ஸ்டெல்லா திரும்பி, உள்ளறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த தன் கணவனைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிபி முன்னறையில் இருந்தான். மேனகா உள்ளறையில் இருந்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு அவள் நகர்ந்த பிறகு அவன் வந்து எடுத்துக்கொள்வான். ஆரம்பத்தில் வாசற்படிக்கு அந்தப் பக்கமிருந்து கண்ணைச் சிமிட்டுவான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. பிறகு எப்போதாவது சிமிட்டினான். பிறகு தட்டை எடுக்க வரும்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தான். நன்றாகத்தான் செய்கிறான், இப்படி இருந்தால்தான் தரை நம்பும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளால் தாங்க முடியவில்லை. வாசற்படியைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில், தோள் உரச, தரையில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி நடிக்கறது?"

சிபி தரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மெதுவாக ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான்.

"என்ன நடிப்பு?" என்றான்.

அவன் முகத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைச் சிமிட்டுவான் என்று காத்திருந்தாள்.