வாயில் குண்டூசி

விடிந்ததும் விடியாததுமாக மாமியாரின் குரல் மாடிக்கு ஏறி வந்தது.

"சின்னவளே, கீழ வந்து மோந்து பாரு."

போய் மோந்து பார்க்க அவசியமில்லை. வாடை பாதிப் படியிலேயே வந்து அவளை வரவேற்றது. நாளைக்கு மாப்பிள்ளையாகப் போகிற வாடிக்கையாளரின் சாம்பல் நிறக் கோட்டு, தையல் கடை மேஜையில் மடித்து வைத்தபடியே நனைந்திருந்தது. பக்கத்தில் துரை. துரை என்பது பூனை. தப்பு செய்தாலும் மன்னிப்பு நாம்தான் கேட்க வேண்டும் என்கிற பார்வை அவனுக்கு.

"போன வாரம் என் போர்வை. இன்னிக்கு மாப்ள கோட்டு. நீ அதோட கக்கூஸ் மணல மாத்துறியா, இல்ல மணல்ல கோட்ட கட்டுறியா?"

"தெனம் மாத்துறேன் அத்தை."

"அப்ப அது ஏன் கண்ட எடத்துல போகுது? உன்மேல கோவமா? எனக்குந்தான் உன்மேல கோவம். நான் போறேனா?"

சின்னவள் கணவரைப் பார்த்தாள். துணி வெட்டுவதில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. சண்டை வந்தால் மற்ற வீட்டு ஆண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். இவர் வாயில் நாலு குண்டூசியை வைத்துக்கொள்வார். இப்போதும் வைத்திருந்தார்.

மூத்த மருமகள் தனிக்குடித்தனம் போனபிறகு மொத்த வீட்டு வேலையும் சின்னவள் தலையில் விழுந்தது. கடை பெருத்தபோது அவள் படுக்கையறையே வெட்டு மேஜைக்குப் போனது. நடைவழியில் மடக்குக் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டாள். பொழுதன்றைக்கும் மாடியில் உட்கார்ந்து பொத்தான் துளை தைத்தாள். இத்தனைக்கும் அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று... மழையில் நனைந்து வாசலுக்கு வந்த ஒரு குட்டிப் பூனை.

"சாயங்காலத்துக்குள்ள அது போகணும். இல்லன்னா..." மிச்சத்தை மாமியார் சுவரைப் பார்த்து விழுங்கினார்.

"இல்லன்னா நான் போகணும். அதானே அத்தை?"

கணவர் "ம்ம்" என்றார். யாருக்கு என்று விளங்கவில்லை.

துரை மெல்ல இறங்கி மூலைக்குப் போனான். குந்தினான். முக்கினான். ஒரு சொட்டு. நகர்ந்து மறுபடி குந்தினான், அதுவும் இல்லை. அடிவயிற்றை நக்கிக்கொண்டு அவன் கத்திய கத்தல் துரைமார் கத்துகிற கத்தல் இல்லை. சின்னவள் தொட்டுப் பார்த்தாள். வயிறு கல்லாக இருந்தது.

"இவனுக்கு ஒண்ணுக்கு வரல. டாக்டர்கிட்ட போகணும். வர்றீங்களா?"

கணவர் கத்தரிக்கோலால் கடிகாரத்தைக் காட்டினார். அளவு பார்க்க ஆள் வரும் நேரமாம். துணிக்கூடையில் துரையைப் படுக்கவைத்து அவள் தனியாகவே நடந்தாள்.

போர்வை, கோட்டுக் கதையைக் கேட்டபடி வயிற்றை அமுக்கிய கால்நடை மருத்துவர் அம்மாவின் முகம் மாறியது.

"கோவமும் இல்ல, கொழுப்பும் இல்லம்மா. அடைப்பு. ஆண் பூனைக்கு அந்தக் கொழாய் நூல் மாதிரி. தண்ணி கம்மியா குடிச்சு, ரொம்ப நேரம் அடக்கி, பயந்துகிட்டே இருந்தா உள்ள புண்ணாகிடும். மணல் தட்டுல போனா வலிக்குதுன்னு தட்டையே வெறுத்துடும். மெத்துன்னு எது இருக்கோ அங்க போய்ப் பாக்கும். நாளைக்குன்னு விட்டிருந்தா பொழைச்சிருக்காது."

சின்னவள் துரையின் தலையைத் தடவினாள்.

"தட்டு எங்க இருக்கு?"

"கடைக்குப் பின் ரூம்ல."

"பகல்ல அங்க போக முடியுதா?"

"கதவு எப்பவும் தெறந்துதான்..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். நேற்றுக் காலையில் அந்தக் கதவின் தாழ்ப்பாளில் நீலப் பொடி ஒட்டியிருந்தது. அழுக்கென்று துடைத்துவிட்டு வந்தாள். அந்த வீட்டில், வெட்டும் துணியில் அளவு குறிக்கிற நீலச் சாக்குக்கட்டியைத் தொடும் கை ஒன்றுதான்.

"இனிமே ஈரச் சாப்பாடா குடுங்க. இன்னொரு தட்டு வேற எடத்துல வைங்க. தண்ணிய தட்டுக்குப் பக்கத்துல வைக்காதீங்க, நாம கக்கூஸ்ல உக்காந்து காபி குடிப்போமா? கதவ மட்டும் சாத்தவே கூடாது."

துரைக்குக் குழாய் செருகி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். காலிக் கூடையோடு அவள் திரும்பினாள். மாமியார் எட்டிப் பார்த்தார்.

"விட்டுட்டு வந்துட்டியா?" குரலில் காலையின் காரம் இல்லை.

"ஆஸ்பத்திரில இருக்கான். உயிர் இருக்கு." கணவர் பக்கம் திரும்பினாள். "பின் ரூம் கதவ பகல்ல சாத்தறது யாரு?"

கணவரின் கை குண்டூசி டப்பாவுக்குப் போனது. விரல் நுனியெல்லாம் நீலம்.

"டப்பாவ வைடா," என்றார் மாமியார். "அவ கேக்கறா இல்ல?"

"ஒரு கஸ்டமர் நாத்தம்னு சொன்னாரு... கடை தெறக்கறப்ப சாத்துவேன், மூடினதும் தெறந்துடுவேன். பூனைதானே, அடக்கிக்கும்னு..."

"நானும் அடக்கிப்பேன்னு நெனச்சீங்க."

அவர் டப்பாவை மூடி மேஜையில் வைத்தார்.

"கதவ சாத்துனத கூட விட்டுடறேங்க. அத்தை தெனம் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கறப்ப, எல்லாம் தெரிஞ்சு பக்கத்துலயே நின்னீங்களே... நான் வீட்ட விட்டுப் போகணுமான்னு கேட்டப்பவும் ம்ம்னீங்களே..."

மாமியார் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கே இந்த வயசுல அடக்க முடியல. வாயில்லா ஜீவன் எப்படித் தாங்குச்சோ..." என்றவர் எழுந்து வந்தார். கட்டிப்பிடித்துப் பழக்கமில்லாத மனுஷி. தையல்கார வீட்டு வழக்கப்படி, அளவெடுப்பதுபோல மருமகளின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவே இல்லை. "வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்டி..." சின்னவள் மாமியாரின் தோளிலேயே அழுது தீர்த்தாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெஷின் இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்துப்போய், தாழ்ப்பாளைக் கழற்றினாள். கொண்டுவந்து கணவர் கையில் வைத்தாள்.

"இத எங்க வைக்கட்டும்?" என்றார் அவர், மெதுவாக.

"வாயில வெச்சுக்குங்க."

அவர் அதைக் கையில் பிடித்தபடியே நின்றார். சின்னவள் நடைவழிக்குப் போய்த் தன் கட்டிலை மடக்கி, வெட்டு மேஜைக்குப் போன தன் பழைய படுக்கையறையைப் பார்த்து ஒரு முனையைத் தூக்கினாள். மறுமுனையை மாமியார் தூக்கினார்.