பன்னிரண்டு மணி விமானம்

கிளிஃபோர்டு பேம் இறந்துகிடந்ததை முதலில் பார்த்தவர், அவரை வழியனுப்ப வந்த தெல்மா ஆஸ்டிரண்டர். பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், வாசலில் நின்ற டாக்ஸியைத் திருப்பி அனுப்பியது.

காலை பதினொன்று. பன்னிரண்டு மணி விமானத்தில் குவெங்கா என்ற இந்த மலை ஊரை விட்டே கிளம்பவேண்டிய மனிதர், கோட்டு மாட்டி, காலணி நாடாவை இறுக்கிக் கட்டி, தொப்பியை மடியில் வைத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புறப்பாட்டுக்கு எல்லாம் தயார். மூச்சு மட்டும் முன்னாலேயே போயிருந்தது. கதவருகே இரண்டு பெட்டிகள், ஒன்றின் மேல் குடை. ஒஹையோவில் இருக்கும் மகள், "அப்பா, இனி அங்க தனியா கிடக்க வேணாம், வந்துடு" என்று இரண்டு வருஷம் கெஞ்சி, போன மாதம்தான் சம்மதம் வாங்கியிருந்தாள்.

தெல்மா எதையும் தொடவில்லை. வேலைப் பழக்கம். டுலூத் நகரில் தீ இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, வீடு தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று பார்த்துச் சொன்னவர். ஓய்வு பெற்றதும் கணவரோடு இங்கே வந்தார். மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். கணவர் இரண்டாம் வருஷமே அந்த மலையில் புதைக்கப்பட்டார்.

மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளர். அடியில் சிவப்பாக ஒரு விரல் அளவு மிச்சம். சமையலறையில் துணி விரித்து, அதன்மேல் இரண்டு காப்பிக் கோப்பைகள், கழுவிக் கவிழ்த்தபடி.

அப்போதுதான் சோய்லா மொரோச்சோ ரொட்டிப் பையோடு உள்ளே வந்தாள். பேம் வீட்டிலும் தெல்மா வீட்டிலும் வேலை செய்கிறவள். ரொட்டி தரையில் சிதறியது.

"ஐயா!" என்று அலறியவள், தெல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இப்பதானம்மா ஒர்ச்சாட்டா போட்டுக் குடுத்துட்டுப் போனேன். மகளுக்கு நம்ம ஊர் ரொட்டி கொண்டுபோகணும், சந்தைக்குப் போய் வாங்கிட்டு வான்னாரு. கூட்டம்மா... இல்லாட்டி அப்பவே வந்திருப்பேனே..."

இன்ஸ்பெக்டர் வின்டிமில்லா வந்தார். எப்போதும் நெஞ்செரிச்சல்காரர், கேள்விக்குக் கேள்வி ஒரு மாத்திரை சப்புவார். உடலில் மயக்க மருந்து இருக்கிறது, எது என்பதைத் தலைநகர் கீட்டோவிலிருந்துதான் சொல்லவேண்டும் என்றார் மருத்துவர். கீட்டோ எப்போது சொல்லும் என்பதை அவர் சொல்லவில்லை.

"கடைசியா என்ன குடிச்சாரு?"

"ஒர்ச்சாட்டா, சார்."

"யார் போட்டது?"

"நான்தான்."

"உன் வீட்டு முற்றத்துல ஊமத்தை மரம் இருக்குதா?"

"எல்லார் வீட்லயும்தான் இருக்கு. உங்க வீட்லயும் இருக்கு சார்."

இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவர் வீட்டில் இருந்தது உண்மை.

"தெல்மா அம்மா, நீங்க இதுல தலையிடாதீங்க."

"ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். விஷம் வெச்சவ, விஷ தம்ளரை மேசையில விட்டுட்டு, காப்பி கப்பை மட்டும் கழுவுவாளா?"

"வேலைக்காரி கப் கழுவறது ஒரு அதிசயமா?"

"சோய்லா காலைல கப்பே எடுக்கலைங்கிறா. டாக்டர் சொன்னதுலருந்து பேம் காப்பி தொடறதே இல்ல, விசேஷம்னா தவிர. அந்த மனுஷன் ஆயுசுல ஒரு கப்பைக் கழுவினதில்ல. அப்ப கழுவினது யாரு?"

"அதை நீதிபதிகிட்டச் சொல்லுங்க" என்றார் வின்டிமில்லா, மாத்திரையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளியபடி.

மறுநாள் இன்னொரு சாட்சி கிடைத்தது. குவெங்கா வாழ் வெளிநாட்டார் குழுவின் தலைவர் ராண்டல் பிக்கெட், மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒற்றை வரி வாக்குமூலம் கொடுத்தார்: பத்து மணிக்குத் தான் எட்டிப் பார்த்ததாகவும், வேலைக்காரி பேமுக்கு ஒர்ச்சாட்டா கொடுத்துக்கொண்டிருந்ததாகவும். பத்துக்கு முன்பே சந்தைக்குப் போய்விட்டதாகச் சோய்லா சொன்னாள். தலைவரா, வேலைக்காரியா? காவல் நிலையத்துக்கு யோசிக்கவேண்டிய அவசியமே வரவில்லை. சோய்லாவைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

பிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு வருஷமாக இந்த ஊர்வாசி. அதற்கு முன் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ. "நாமும் குவெங்காக்காரர்தான்" என்ற தலைப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு ஏழு சொற்பொழிவுகள் நடத்துகிறவர். பனாமா தொப்பி பனாமாவில் செய்யப்படுவதில்லை, இங்கேதான் செய்யப்படுகிறது என்ற தகவலை ஏழிலும் சொல்வார். அந்தத் தொப்பியைக் கழற்றியபடியே சொல்வார். அந்த ஒரு தகவலோடு ஊர் அவருக்குக் கைவசமாகிவிட்டது. சந்தைக்குப் போனதில்லை. உள்ளூர்க்காரர் வீட்டில் உட்கார்ந்ததில்லை. குழுவில் நாற்பது பேர். பேசுவதெல்லாம் மகத்தான வாழ்க்கை பற்றி, கலையும்போது ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொள்வது எந்தத் தூக்க மாத்திரை வேலை செய்கிறது என்று.

அந்த வார இறுதியில் காப்பிக்கடை மாடியில் இரங்கல் கூட்டம். பிக்கெட் எழுந்தார். தொப்பி கழன்றது.

"கிளிஃப் இந்த மண்ணின் மைந்தனாகவே வாழ்ந்தான். அன்னைக்குப் பத்து மணிக்கு நான் எட்டிப் பார்க்கறேன். அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு, 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு ஒர்ச்சாட்டாவைக் குடிக்கவைக்கிறா. பாவம், மீசையெல்லாம் பால் மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கு. அதோட என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. கடைசிச் சிரிப்பு."

அறை பெருமூச்சு விட்டது.

"பட்டை வாசனை வந்துதா ராண்டல்?" என்று கேட்டாள் ஒருத்தி, கைக்குட்டையை ஒற்றிக்கொண்டு.

"வந்துது. இன்னும் மூக்குலயே நிக்குது."

நாற்பது தலைகள் ஆடின. நாற்பத்தோராவது தலை ஆடவில்லை. தெல்மா கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் மாலை பிக்கெட்டைத் தன் வீட்டுக்கு அழைத்தார். இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தார். தெல்மா ஒரு தம்ளரைக் கொண்டுவந்து பிக்கெட் முன்னால் வைத்தார். மாதுளை முத்துப்போலச் சிவந்த பானம்.

"இதென்ன, செம்பருத்தி ஜூஸா?"

"ஒர்ச்சாட்டா."

பிக்கெட் சிரித்தார். "என்கிட்டயேவா? நாப்பது வருஷம் சான் அன்டோனியோவில குடிச்சவன்யா நான். அரிசியை ஊறவெச்சு அரைச்சு, பட்டையைப் போட்டு, பால் மாதிரி வெள்ளையா..."

"அது சான் அன்டோனியோவில."

தெல்மா மொழிபெயர்த்ததும் வின்டிமில்லாவின் வாய் அசைவது நின்றது. "நம்ம ஊர்ல அரிசிலயா? வெள்ளையாவா?" என்றார் மெதுவாக. வழக்கே மறந்துபோய், தன் சமையலை யாரோ திட்டியதுபோல அவர் முகம் சிவந்தது.

"இந்த ஊர்ல ஒர்ச்சாட்டான்னா மூலிகையும் பூவும் போட்டுக் கொதிக்கவைக்கிற தண்ணி" என்றார் தெல்மா. "சிவப்பு. எந்த வீட்லயும், எந்தக் கடையிலயும், எந்த வேளையிலயும். நீ பன்னிரண்டு வருஷமா இங்க இருக்கே ராண்டல். ஒரு தடவைகூடக் கண்ணால பார்த்ததில்ல. கிளிஃப் குடிச்சதையும் பார்க்கல."

பிக்கெட் தொப்பியைத் தேடினார். அது தலையில்தான் இருந்தது.

"பத்து மணிக்கு நீ போனது நிஜம். போனப்ப சோய்லா சந்தையில. சிவப்பு தம்ளர் மேசையில இருந்திருக்கு. அது ஏதோ ஜூஸ்னு நினைச்சிருப்பே. ஊருக்குப் போறான், கடைசியா ஒரு காப்பின்னு போட்டு, அவன் கப்புல மருந்தைக் கலந்திருக்கே. ரெண்டு பேரும் குடிச்சீங்க. உன் கப்பையும் அவன் கப்பையும் கழுவிக் கவிழ்த்தே. சோய்லா குடுத்தது ஒர்ச்சாட்டான்னு ஊரே பேசினப்புறம், 'ஆமா, நானும் பார்த்தேன்'னே. அதோட விட்டிருந்தா தப்பிச்சிருப்பே. சொற்பொழிவு பண்ணினே."

வெளியே எரிவாயு சிலிண்டர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"சாகட்டும்னு போடல" என்றார் பிக்கெட். மேடைக்குரல் போய், இளைத்த ஒரு குரல் வந்தது. "தூங்கட்டும்னு போட்டேன். நான் தினம் போடற மாத்திரைதான். விமானம் போயிட்டா மனசு மாறும்னு நினைச்சேன். அவன் இதயத்துக்கு ஏதோ மருந்து சாப்பிடறது எனக்குத் தெரியாது. தினம் பூங்காவுல பக்கத்துல உக்காருவான்... சொன்னதே இல்ல."

"நீ கேட்டிருக்கமாட்டே."

"என் பேச்சைக் கேக்க நாப்பது பேர் இருக்காங்க தெல்மா. என்னோட பேச அவன் ஒருத்தன்தான். அவனும் போறேன்னா?"

"சோய்லா பேரை ஏன் சொன்னே?"

"அவளுக்கு இங்க ஜனம் இருக்கு. அக்கா தங்கச்சி, மாமன் மச்சான்... எப்படியும் வெளியில கொண்டுவந்துடுவாங்கன்னு..." சிவப்புத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வின்டிமில்லா எழுந்து அவர் தோளில் கை வைத்தார்.

சோய்லாவை விட்டுவிட்டார்கள். குழுவில் அவள் வேலை செய்த மற்ற வீடுகள் புன்னகையோடு வேறு ஆள் பார்த்துக்கொண்டன. அவள் நிரபராதி என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் பாருங்கள், சாப்பாட்டு விஷயம். தெல்மா வீட்டுக்கு மட்டும் வந்தாள். வாசலிலேயே நின்று சொன்னாள்:

"பெருக்கறேன், துணி துவைக்கறேன். அடுப்புப் பக்கம் மட்டும் போகமாட்டேம்மா."

"நான் உன்னைச் சந்தேகப்படலையே மகளே."

"தெரியும்மா. ஆனா இனி யாருக்கும் என் கையால ஒரு தம்ளர் தண்ணிகூடக் குடுக்கமாட்டேன். ஐயா கடைசியாக் கேட்டது ரொட்டி. அதையும் கீழ போட்டுட்டேன்."

குழுவுக்குப் புதுத் தலைவர் வந்தார். முதல் சொற்பொழிவிலேயே பனாமா தொப்பி எங்கே செய்யப்படுகிறது என்று விளக்கினார். பிக்கெட் பெயரை யாரும் எடுப்பதில்லை. பூங்காவில் அவரும் பேமும் உட்கார்ந்த பெஞ்சில் இப்போது புறாக்கள்.

ஞாயிற்றுக்கிழமை தெல்மா சிறைக்குப் போனார். ஏன் போகிறோம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். பதில் தெரிந்தும் சொல்லிக்கொள்ளவில்லை. பிக்கெட் தொப்பியில்லாமல் வந்து உட்கார்ந்தார். உச்சந்தலை வெளுத்து, ஒரு வயதான குழந்தைபோல இருந்தார். இருவரும் வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

மணி அடித்தது. தெல்மா குடையை எடுத்தார்.

"தெல்மா... நீயும் ஊருக்குப் போயிடமாட்டியே?"

தெல்மா குடையின் ஈரத்தை உதறினார்.

"யார்கிட்ட போறது?" என்றார்.