பதினான்கு பெட்டிகளில் ஒரே வரி

“மருந்து டப்பாவுக்குள்ள மடிச்சு வெக்கிற தாளை எவன் படிக்கப் போறான்னு இப்படி உசிரைக் கொடுத்து எழுதறே?” என்று அச்சக முதலாளி ஒருமுறை அவளிடம் கேட்டார். அவள் தலை நிமிராமல் அடுத்த வரியை எழுதினாள். அன்றிலிருந்து அவளுக்குத் தாளக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அக்கம்பக்கத்தில் பிடிபடாத சிக்கல் எது வந்தாலும் ஆட்கள் அவளைத்தான் தேடி வந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை வந்தவள், டயாலிசிஸ் மையத்தில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“பத்து மணிக்கு என் மேல போலீஸ்ல புகார் கொடுக்கப் போறாங்கக்கா. மூணு நோயாளிங்க நேரத்தை நான் வேணும்னே ரத்து பண்ணிட்டேனாம். ஒருத்தர் மூச்சுத் திணறி ஐசியூல கிடக்கார்.”

“அங்க போன் எடுக்கறது யாரு?”

“இந்தத் திங்கக்கிழமையிலேருந்து ஏஐதான்க்கா. அதோட பேருல நான் உள்ள புகுந்து ரத்து பண்ணினேன்னு மேலாளர் சொல்றார். வியாழக்கிழமை காலைல என்னை வீட்டுக்கு அனுப்பினாங்க. அப்புறம் ஒண்ணுமே ரத்தாகலையாம். அதான் சாட்சியாம்.”

“புதன்கிழமை?”

“ராத்திரி எட்டு மணி வரைக்கும் மேசையிலதான் இருந்தேன். மத்தியானத்துக்கு மேல ஒரு சிக்கலும் வரலையே.”

தாளக்காவின் கணவர் டாக்சி ஓட்டுபவர். அதற்குள் சாவியும் கையுமாக வாசலில் நின்றார். “எனக்குப் புரிஞ்சுபோச்சு! அந்த ஏஐயைப் போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேர்காரன்தான்!”

“நீங்க அவனைப் பார்த்ததே இல்லையே.”

“பார்த்துட்டு வேற சொல்லணுமா?”

“முதல்ல வண்டியை எடுங்க.”

மையத்தில் ப்ளீச்சிங் நெடி மூக்கைத் துளைத்தது. மணிக்கட்டில் கட்டுடன் ஒருவர் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றார். உள் அறையில் மையத்தை நடத்தும் டாக்டர், கசங்காத சட்டையில் மேலாளர், நகம் கடித்தபடி சாஃப்ட்வேர்காரர். மேசை மேல் இரண்டு பக்கப் புகார்.

புகார் கொடுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுவதாக டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தாளக்கா கணினி முன் உட்கார்ந்தாள். யாராவது போன் செய்தால், நேரம் சொல்ல, மாற்ற, ரத்து செய்ய என்று கணினிக்குள் இருக்கும் பதினான்கு கருவிகளில் ஒன்றை ஏஐ தேர்ந்தெடுத்து வேலையை முடிக்கும். கருவிகளுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஒவ்வொன்றின் கீழும் அதை விளக்க ஒரு பெட்டி. பதினான்கு பெட்டிகளிலும் ஒரே வரி: ‘நோயாளியின் நேரம் தொடர்பான கருவி.’

அவள் காது மடல் சிவந்தது. “யாரு எழுதினது இதை?”

“கம்ப்யூட்டர் சமாச்சாரத்தை நான் தொடறதே இல்ல,” என்றார் மேலாளர். “இவ போனதும் ரத்தாகறது நின்னுச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க.”

யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கணினி குறித்து வைத்திருந்த பதிவைத் தாளக்கா அச்செடுத்து நிதானமாகப் படித்தாள்.

“மூணு பேருமே ரத்து பண்ணச் சொல்லல டாக்டர். நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னுதான் கேட்டிருக்காங்க. ஏஐ என்ன காரணம் எழுதியிருக்கு பாருங்க: ‘எல்லா விளக்கமும் ஒன்றாக உள்ளது. பட்டியலில் முதலில் உள்ளதைப் பயன்படுத்துகிறேன்.’ முதல்ல இருந்தது ரத்து பண்ற கருவி.”

“அதுக்கு அறிவு வேண்டாமா?” என்றார் கணவர்.

“பெட்டில எழுதினதுதாங்க அதுக்குத் தெரியும். எழுதாததை எங்கேருந்து எடுக்கும்?”

“நான் அப்பவே சொன்னேன், இவன்தான்!” கணவர் சாஃப்ட்வேர்காரரைப் பார்த்து எகிறினார்.

“ஐயோ அண்ணே! நான் பெட்டியைக் காலியாத்தான் கொடுத்தேன். என்ன செய்யும், எப்ப தொடணும், எப்ப தொடக்கூடாது, திரும்ப மாத்த முடியுமான்னு எழுதித் தரச் சொன்னேன்.”

“அவர் சொல்றது சரி,” என்றாள் தாளக்கா. “ஏஐ வர்றதுக்கு முன்னாடி, போன வாரம் வெள்ளிக்கிழமை மாலை அஞ்சு ஐம்பத்தெட்டுலேருந்து ஆறு மணிக்குள்ள பதினாலு பெட்டியும் நிரம்பியிருக்கு. ரெண்டே நிமிஷம். லாகின் மேலாளரோடது.”

மேலாளர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

“அதோட போகல. இந்தப் புதன்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு அதே லாகின்ல இருந்து ரத்துக் கருவியைக் கடைசிக்குத் தள்ளியிருக்கு. நேரம் சொல்ற கருவி முதல்ல வந்துடுச்சு. அப்புறம் ரெண்டு பேர் நேரம் கேட்டிருக்காங்க, ஒண்ணும் ஆகல. அப்போ இவ மேசையிலதானே இருந்தா? காரணம் தெரிஞ்சு சரி பண்ணிட்டு, மறுநாள் காலைல இவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கீங்க.”

“வேலை தலைக்கு மேல இருந்துச்சு. ஒரு பெட்டில போய் என்னத்தை...”

“‘இது நேரத்தை ரத்து செய்யும். ரத்தானால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது. நோயாளியே ரத்து கேட்டால் மட்டும் பயன்படுத்து. நேரம் விசாரித்தால் இதைத் தொடாதே.’ நாலு வரி! டீ ஆறறதுக்குள்ள எழுதலாம். இதுக்கு உங்களுக்கு நேரமில்ல. ஒரு பொண்ணு மேல ரெண்டு பக்கம் புகார் எழுத மட்டும் நேரம் இருந்துச்சா?”

டாக்டர் புகாரைக் கிழித்துக் கூடையில் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தானே கணினியில் ஏதோ தட்டி, ஒரு தாளை அச்செடுத்து வரவேற்பு மேசைப் பெண்ணின் பக்கம் நகர்த்தினார்.

“நடந்தது நடந்துபோச்சும்மா. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு. சின்னக் கம்ப்யூட்டர் கோளாறுன்னு போட்டிருக்கேன். மையத்தோட பேரு கெடக் கூடாது பாரு. ஒரு கையெழுத்து போடு, போதும்.”

அந்தப் பெண் கடைசி வரி வரை படித்தாள். அதில் மேலாளரின் பெயர் இல்லை. ஐசியூவில் கிடப்பவரைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. பேனாவை மூடி அந்தத் தாளின் மேல் வைத்தாள். பக்கத்தில் தன் அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள். தாளக்கா அச்செடுத்த பதிவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து வெளியேறினாள்.