தோளில் இரண்டு தட்டு

அச்சகத்தின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. ஞாயிறு மதியம் ஒரு மணி, மண்டையைப் பிளக்கும் வெயில். சித்தி குனிந்து உள்ளே போனாள். பின்னாலேயே வந்த அக்கா மகள் ஷட்டரில் நெற்றியை இடித்துக்கொண்டு, இடித்த கையோடு சிரித்தாள். பத்தொன்பது வயது. அந்த வயதில் எதற்குத்தான் சிரிப்பு வராது?

அச்சகம் மூடி வருடக்கணக்காகிறது. ஆட்டம் நடப்பது அதன் கீழே இருக்கும் நிலவறையில். ஸ்பீக்கரில் அதிரும் மெஷின் இசைக்கு ஆடுகிற கூட்டம் என்றால் நடுராத்திரியில்தான் கூடும் என்று நினைத்துவிட வேண்டாம். ராத்திரியில் போட்டால் தெருவே எழுந்து வந்து கதவைத் தட்டும். பகலிலோ, பக்கத்து லேத் பட்டறை ஞாயிறென்றும் பாராமல் ஓடும். அந்த இரைச்சலில் இந்த இரைச்சல் கரைந்துவிடும். அது மெக்கானிக்கின் யோசனை. பிழைப்புக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் தானே அடித்துச் செய்த ஆள் உயர ஸ்பீக்கர்களுக்கு நடுவே நின்று இசை போடுவார்.

சித்தி எக்ஸ்ரே எடுப்பவள். வாரத்தில் ஆறு நாள் "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, ஏழாவது நாள் தன் மூச்சை விட இந்தக் கூட்டத்துக்கு வருகிறவள். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. புதிதாக வரும் பிள்ளைகளைக் கைப்பிடித்துப் படியிறக்குவது, காதில் பஞ்சு வைத்துவிடுவது, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று காட்டுவது எல்லாம் அவள் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, இழுத்துப் போட்டுக்கொண்டது. அக்கா மகளுக்கு மட்டுமா, அங்கே வருகிற பொடிசுகள் எல்லோருக்குமே அவள் சித்திதான்.

அந்தக் கூட்டத்தில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. முதல்முறை வருகிறவர்களை நடு அரங்கில் நிறுத்துவார்கள். இசை நான்கு பக்கமும் சமமாக வந்து சேர்வது அங்கேதான். சுற்றிலும் பழைய ஆட்கள் வளையமாக நெருக்கி நின்று, யாரும் இடிக்காமல், சீண்டாமல் காவல் காப்பார்கள். வரவேற்பு என்றால் அதுதான் வரவேற்பு.

ஒன்றே கால் வருடத்துக்கு முன்னால், ஆட்டம் வேறொரு நிலவறையில் நடந்தபோது, மஞ்சள் ஷூ போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பேர் கேட்க யாருக்கும் நேரமில்லை. அவளையும் நடுவில்தான் நிறுத்தினார்கள். கடைசிப் பாட்டுக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிடுவது மெக்கானிக்கின் பழக்கம். பன்னிரண்டு நிமிடம் கும்மிருட்டு. அந்த இருட்டில் அவள் தலை சித்தியின் இடது தோளில் சாய்ந்தது. இரண்டு முறை தட்டினாள். தாளத்தோடு சேர்ந்து விழுந்த தட்டு. குழந்தை சொக்கிப் போய்த் தாளம் போடுகிறது என்று சித்தி பூரித்துப் போய், அவளை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஆடினாள்.

விளக்கு வந்தபோது அந்தப் பெண் இறந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன. கூட்டம் நெருக்கி நின்றதால் விழவில்லை.

மூச்சு முட்டியிருக்கிறது என்றார்கள். அந்த நிலவறையைப் பூட்டினார்கள், விசாரித்தார்கள், விட்டார்கள். ஐந்து மாதம் கழித்து மெக்கானிக் இந்த அச்சகத்தைப் பிடித்தார். இனி வளையம் கிடையாது, புதுசுகள் ஓரமாகப் படிக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்று சித்தி ஒற்றைக்காலில் நின்று சொல்லிவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் அவள் மட்டும் நடுவிலேயே நின்றாள்.

ஏனென்றால், முதல் ஞாயிறே கடைசிப் பாட்டின் இருட்டில், அவள் இடது தோளில் ஈரமான ஒரு நெற்றி வந்து சாய்ந்தது. தாளம் தப்பாமல் இரண்டு தட்டு விழுந்தது. அடுத்த ஞாயிறும் விழுந்தது. மெக்கானிக்கிடம் சொன்னாள். அவர் மனப்பிரமை என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை. சரி, என் பாவம் என்னோடு, சாய்வதென்றால் என்மேல் சாயட்டும், அறியாத பிள்ளைகள் மேல் சாயக் கூடாது என்று அவள் முடிவு செய்துகொண்டாள். இருட்டு வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். தோளைக் கொடுப்பாள். பன்னிரண்டு நிமிடம் சுமப்பாள்.

அப்படிப்பட்ட இடத்துக்கு அக்கா மகளை எதற்குக் கூட்டி வந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். அவளும் தன்னைத்தானே கேட்காத நாளில்லை. கூட்டி வராவிட்டால் இவள் சிநேகிதிகளோடு தனியாக வந்துவிடுவாள் என்ற பயம் ஒன்று. இரண்டாவது, அக்கா சொன்ன வார்த்தை. சின்ன வயதிலிருந்தே இழுப்பு வருகிற பெண். அவளை வாசல் வரை வந்து வழியனுப்பிய அக்கா, "உன்னை நம்பித்தான் அனுப்பறேன்" என்றாள்.

படியின் அடியில் நிறுத்தி, சித்தி அவள் காதில் பஞ்சு வைத்தாள். மக்கின காகிதமும் மையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. அந்தப் பெண் இன்ஹேலரை எடுத்து நீட்டினாள்.

"இந்த டிரஸ்ல பாக்கெட்டே இல்ல சித்தி. நீங்களே வச்சுக்கோங்க."

சித்தி வாங்கி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம், ஒன்பது வருடமாக எல்லாப் புதுசுகளுக்கும் சொல்கிற பாடத்தை, பழக்கதோஷத்தில் அவளுக்கும் சொன்னாள்.

"உள்ள கத்தினாலும் கேக்காது. முடியலைன்னா பக்கத்துல இருக்கறவங்க தோள்ல ரெண்டு தட்டு தட்டு. வெளிய கூட்டிட்டு வந்துடுவாங்க. நடுவுக்கு மட்டும் வராத, சரியா?"

"சரி சித்தி. பாட்டி மாதிரி பேசாதீங்க, போய் ஆடுங்க."

ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, மெக்கானிக் அன்று கொடிகட்டிப் பறந்தார். சித்தி நாலைந்து முறை படிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். புகை மெஷின் கக்கிய வெள்ளைப் புகைக்கு அந்தப்புறம் அக்கா மகள் கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை சித்தியைப் பார்த்துப் பழிப்புக் காட்டினாள்.

கடைசிப் பாட்டு வந்தது.

விளக்குகள் அணைந்தன.

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். தரை அதிர்ந்தது, பல் வரைக்கும் அதிர்ந்தது. எப்போதும் போலக் காத்திருந்தாள். ஒரு நிமிடம் போனது. மூன்று நிமிடம் போனது. இன்று வரமாட்டாளோ என்று ஒரு நப்பாசை எழுந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏதோ நெருங்கியது.

வலது தோளில் ஓர் ஈர நெற்றி சாய்ந்தது.

தட்டு. தட்டு.

வந்துவிட்டாயா, வா, என்று சித்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுபடியும் தட்டு விழுந்தது. இந்தமுறை தாளத்தில் இல்லை. அவசர அவசரமாக, தப்பும் தவறுமாக விழுந்தது. என்ன இவளுக்கு இன்றைக்குத் தாளம் தப்புகிறது என்று மனதுக்குள் ஓடியது. விரல்கள் அவள் இடுப்பைத் தடவின. பையைப் பிடித்து இழுத்தன.

இப்படி அவள் ஒருநாளும் செய்ததில்லை.

உதறிவிட்டுப் போனால் இது அக்கா மகளிடம் போகும் என்று சித்தி நினைத்தாள். அதனால் உதறவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் திறக்கவேயில்லை.

"என்கிட்டயே இரு," என்றாள். "அவகிட்ட போகாத."

தட்டுவது நின்றது. பாரம் கூடியது. எவ்வளவு பாரமானாலும் சுமக்கிறேன் என்று சித்தி நின்றாள். இத்தனை நாளில் முதல்முறையாகச் சரியான ஒன்றைச் செய்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அந்த நிம்மதியில் கண்ணீர் வந்தது.

இசை நின்றது.

விளக்கு வந்தது.

சித்தி கண்ணைத் திறந்து முதலில் படிப்பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

அப்புறம்தான் தன் கைகளுக்குள் பார்த்தாள்.

மெக்கானிக் ஓடி வந்து தூக்கினார். மூன்று மணி வெயிலில், அச்சகத்து வாசலில் கிடத்தினார்கள். சித்தி இன்ஹேலரை அந்த வாயில் வைத்து அழுத்தினாள், அழுத்தினாள். "மூச்சை இழு, தங்கம். இழு," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். லேத் பட்டறை ஓடிக்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர்தான் அவள் கையைப் பிடித்து விலக்கினார். அக்காவுக்கு போன் செய்தது யார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அக்கா வந்தாள், பார்த்தாள். தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துச் சித்தி வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. எக்ஸ்ரே அறையில், தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்றாள். சுவரில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சதுரம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சைப் பலகையில் ஒட்டி நின்றார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க," என்றாள்.

வலது தோளில் ஈரம் பட்டது.

தட்டு. தட்டு. தாளமில்லாத, அவசரமான தட்டு.

சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. இந்தமுறை தாமதிக்கவும் இல்லை. அன்றிலிருந்து கழற்றாத இடுப்புப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, தோளுக்கு மேலே, வெறும் காற்றில் நீட்டி அழுத்தினாள்.

காதருகே யாரோ ஆழமாக மூச்சை இழுத்தார்கள்.

பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "விடலாமாம்மா?" என்று திணறிக்கொண்டே கேட்டார். "விடுங்க," என்றாள் சித்தி. அவர் புஸ்ஸென்று விட்டார், சட்டையை மாட்டிக்கொண்டார், கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

காதருகே இழுத்த மூச்சு இன்னும் வெளியே வரவில்லை.

"விடு, தங்கம்," என்றாள் சித்தி. "விட்டுடும்மா."

இடது தோளிலும் ஈரம் பட்டது.