இரண்டு பேருக்கு மூன்று சீட்டு

டப்பாவுக்குள் கையை விட்டதும் ஜம்புநாதனின் விரலில் மூன்று சீட்டுகள் தட்டுப்பட்டன. எழுதிப் போட்டவர்கள் இரண்டு பேர்தான்.

அது பழைய டார்ஜிலிங் தேயிலை டப்பா. உருண்டையானது, மூடி துருப்பிடித்தது, எத்தனை தரம் கழுவினாலும் தேயிலை வாசனை போகாதது. கல்கத்தா லேக் கார்டன்ஸில் இரண்டாவது மாடியில் இருக்கும் இந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் என்ன படம் பார்ப்பது என்பதை இந்த டப்பாதான் முடிவு செய்தது. ஆளுக்கொரு சீட்டில் படத்தின் பெயரை எழுதி, மடித்து, உள்ளே போட வேண்டும். குலுக்கி எடுப்பது குடும்பத் தலைவர். லேக் மார்க்கெட் கடையில் கேசட் வாடகைக்கு எடுத்த காலம் போய், சி.டி. வந்து, இப்போது டிவியே படங்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு எது வேண்டும் என்று கேட்கிறது. டப்பா மட்டும் மாறவில்லை. எங்கள் வீட்டில் ஜனநாயகம் என்று வங்கியில் தன்னோடு வேலை பார்த்தவர்களிடம் ஜம்புநாதன் பெருமை அடித்துக்கொள்வார்.

நல்ல ஜனநாயகம். தன் சீட்டை மடித்ததும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிடுவார். அது தகடு மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். மனைவி காமு மடிப்பது தொளதொளவென்று இருக்கும். விரலுக்குத் தனியாகக் கண் வேண்டியதில்லை. மகள் ஸ்மிதா சின்ன வயதில் அழுது ஆகாத்தியம் பண்ணினால் அவளுடைய சீட்டை எப்போதாவது எடுப்பார். காமுவின் சீட்டு இருபத்தாறு வருஷத்தில் ஒரு தரம்கூட வெளியே வந்ததில்லை. எடுக்காத சீட்டைப் பிரித்துப் பார்க்கும் வழக்கமும் அந்த வீட்டில் இல்லை, நேரே குப்பைக்கூடைக்குப் போகும். அவள் என்ன படம் பார்க்க ஆசைப்பட்டாள் என்று அவருக்குத் தெரியாது. ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "என் சீட்டு மட்டும் அந்த டப்பாக்குள்ளயே கரைஞ்சு போயிடுமோ?" அவர் சிரித்து மழுப்பினார். அவள் சிரிக்கவில்லை.

காமு போய் ஒரு வருஷம். முந்தாநாள்தான் வருஷாப்திகம் முடிந்தது. மாமிக்கு எது பிடிக்குமோ அதையும் பண்ணிவிடலாம் என்று சமையற்காரர் கேட்டபோது ஜம்புநாதன் திருதிருவென்று விழித்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஸ்மிதாதான் உள்ளேயிருந்து வாழைக்காய்ப் பொடிமாஸ் என்று குரல் கொடுத்தாள். நாளைக் காலை விமானம். அப்பாவை இனிமேல் தனியாக விடுவதில்லை என்று அவருக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்திருந்தாள். இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாகக் கழிந்தால் போதும் என்று அவர் காத்திருந்தார். அவளோ பரணிலிருந்து டப்பாவைத் தேடி எடுத்துவந்து, அம்மா ஞாபகமாக ஒரு தரம் சீட்டுப் போடலாம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

மணி இரண்டு. கல்கத்தாவே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடும் நேரம். பச்சை மரச்சட்டங்கள் போட்ட பழைய ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். சட்டங்களின் இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. சந்தில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்களும் சாப்பிடப் போய்விட்டார்கள். கீழ்வீட்டில் கடுகெண்ணெயில் மீன் பொரித்த வாசனை படியேறி வந்து கூடத்தில் தங்கியிருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் டக் என்றது. அந்த டக்குகளுக்கு நடுவே, டப்பாவின் உள்ளே, காகிதம் காகிதத்தில் உரசிய சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது. அவர் கையை இன்னும் அசைக்கவே இல்லை.

"நீ ரெண்டு சீட்டு போட்டியா?" என்று மகளிடம் கேட்டார். இல்லை என்றாள்.

விறைப்பான சீட்டைத் தேடி எடுத்தார். நகக்கோடு விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. நிம்மதியாகப் பிரித்தார். எழுத்து அவருடையது இல்லை. இடப்பக்கம் சாய்ந்து, ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும் எழுத்து. பால் கணக்கிலும் மளிகைச் சீட்டிலும் ஆயிரம் தரம் பார்த்த எழுத்து. மடிப்பு மட்டும் அவருடையது. காமு அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

எழுதியிருந்தது ஒரு போலீஸ் படத்தின் பெயர். அந்தப் பெயரை அவர் சாகும்வரை மறக்க முடியாது.

"என்ன வந்திருக்கு?" என்று ஸ்மிதா எட்டிப் பார்ப்பதற்குள் சீட்டைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெயரைச் சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தார். வேறு பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. சொன்னார். சண்டைப் படமா என்று ஸ்மிதா முகத்தைச் சுளித்துக்கொண்டே டிவியைப் போட்டாள். பாதியில் விட்ட படங்களின் வரிசையில் அது முதலாவதாக நின்றது. படத்துக்கு அடியில் சிவப்புக் கோடு, பக்கத்தில் மீதி இருபது நிமிடம் என்று எழுத்து.

"கடைசிலே விட்டிருக்கியே. எப்பப்பா பாத்தே?"

கரண்ட் போய்விட்டது என்று அவர் எதையோ உளறினார். அந்தப் படத்தை அவர் பாதியில் விடவே இல்லை. கடைசிச் சண்டை, கடைசி வசனம், அதற்குப் பிறகு ஏறி வந்த பெயர்கள் வரைக்கும் பார்த்தார். பார்க்காதவள் காமு.

போன வருஷம், இதே மாதிரி ஒரு ஞாயிறு. இதே நேரம். அவள் பிரம்பு நாற்காலியில், அவர் சோபாவில். நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "ஏன்னா, செத்த நிறுத்துங்கோளேன். நெஞ்சை என்னமோ பண்றது" என்றாள். திரையில் போலீஸ்காரன் அப்போதுதான் வில்லனின் வீட்டுக் கதவை உடைத்திருந்தான். "இரு. இன்னும் இருபது நிமிஷம்தான். முடியட்டும்" என்றார். அதற்கப்புறம் அவளுக்கு மூச்சு இரைத்தது. அந்தச் சத்தம் வசனத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் டிவியின் ஒலியைக் கூட்டினார். இன்னும் கொஞ்சம் கூட்டினார். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும், எப்படி முடிச்சான் பாத்தியா என்று திரும்பினார். அவள் தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

தெருமுனை டாக்டர் வந்து நாடி பார்த்தார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார். ஸ்மிதாவிடம் ஜம்புநாதன் சொன்னது வேறு. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள் தூக்கத்திலேயே போய்விட்டாள், கஷ்டமே படவில்லை, அன்றைக்கு டிவிகூடப் போடவில்லை. மகள் அதை அப்படியே நம்பினாள். அந்தப் பொய்யின் மேல்தான் நாளைய டிக்கெட் நின்றது. உண்மை தெரிந்தால் அவள் அவர் முகத்தில் முழிக்க மாட்டாள். அவரும் இந்த வீடும் இந்த நாற்காலியும்தான் மிஞ்சும்.

ஸ்மிதா எழுந்தாள். இஸ்திரிக்குக் கொடுத்த புடவைகளை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், வானம் இருட்டுகிறது, நீ படத்தை ஆரம்பி என்றாள். "சாவி எடுத்துக்கலை. மணி அடிச்சா திற, அப்பா" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கி, தேய்ந்து, நின்றது.

ஜம்புநாதன் வேறு படத்துக்கு மாற்றினார். ஏதோ ஒரு கல்யாண வீட்டுக் கலாட்டா. பெயரைத் தட்டினார். திரை ஒரு நிமிஷம் கறுத்தது. கறுப்புக்குள் சோபாவும், அவரும், பக்கத்தில் பிரம்பு நாற்காலியும் மங்கலாகத் தெரிந்தன. பிறகு படம் வந்தது. போலீஸ்காரன் கதவை உடைத்தான்.

நிறுத்தினார். மறுபடி வரிசைக்குப் போனார். பக்திப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கதவு உடைந்தது. பிள்ளைகள் பார்க்கும் பொம்மைப் படம். கதவு உடைந்தது. ரிமோட்டைச் சோபாவின் கைப்பிடியில் வைத்துவிட்டு, டிவியின் வயரைப் பிடுங்க எழுந்திருக்கப் பார்த்தார். எழ முடியவில்லை. வெளியே முதல் தூறல் பந்தலுக்கு அடுக்கியிருந்த தகரத்தின் மேல் விழுந்தது. தரையில் கிடந்த வெளிச்சக் கோடுகள் ஒவ்வொன்றாக மங்கின. மீன் வாசனை போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வேறொரு வாசனை, காரமும் குளிர்ச்சியுமாக மூக்கில் ஏறியது. தைலம்.

பிரம்பு நாற்காலி முனகியது. யாரோ உட்கார்ந்தால் முனகும், அப்படி.

ஸ்மிதா வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். மழைக்குப் பயந்து சீக்கிரம் திரும்பியிருப்பாள், டிவி சத்தத்தில் கதவு திறந்தது காதில் விழுந்திருக்காது. தலை வலித்திருக்கும், அம்மாவின் தைலத்தை எடுத்துத் தடவியிருப்பாள். அப்படி நினைத்ததும் உடம்பெல்லாம் தளர்ந்து அழுகை வந்தது. திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை. அதுவும் நல்லதுதான் என்று பட்டது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைத் திரையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சொல்லாமல் அவளோடு போய், அவள் போடும் சோற்றை எப்படித் தின்பது?

"அம்மா தூக்கத்திலே போகலை" என்றார். "அன்னிக்கு இந்தப் படம்தான் ஓடித்து. நிறுத்தச் சொன்னா. நான் நிறுத்தலை. அவ மூச்சு முட்டித் தவிச்சது காதிலே விழுந்துது, நான் சத்தத்தைக் கூட்டினேன். என்னை மன்னிச்சுடு."

பக்கத்திலிருந்து காகிதம் மடிக்கும் சத்தம் மட்டும் வந்தது. மெதுவாக. மடிப்பின் மேல் நகம் அழுத்தி இழுபடும் சத்தம். சர்ர்.

வாசல் மணி அடித்தது.

"அப்பா, கதவத் திற. மழை கொட்டறது."

ஸ்மிதாவின் குரல். கதவுக்கு வெளியே.

மின்விசிறி டக் என்றது. மழை. மணி மறுபடியும். ஜம்புநாதன் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. கடைக்கண்ணில் பிரம்பு நாற்காலியின் ஓரம். அதன் மேல் ஒரு கை. மெலிந்த விரல்கள். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் ஒரு காகிதம்.

இடது மார்புக்குள் எதுவோ இறுகியது. தோளுக்கு ஏறியது. தாடைக்கு. கைப்பிடியில் வைத்த ரிமோட்டைத் தடவினார். இல்லை.

"செத்த நிறுத்தேன்" என்றார். குரல் காற்றாக வந்தது. "நெஞ்சை என்னமோ பண்றது."

திரையின் மூலையில் ஒலியைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் எழுந்தன. ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. போலீஸ்காரனின் குரல் சுவர்களில் மோதியது. அதற்குள் எங்கோ வெகுதொலைவில் மணி. கதவைத் தட்டும் சத்தம். அப்பா, அப்பா என்று ஒரு கூப்பாடு. அதுவும் அமுங்கியது.

தைல வாசனை அவர் காதருகே வந்தது.

"இருங்கோ" என்றாள் காமு. "இன்னும் இருபது நிமிஷம்தான். முடியட்டும்."

கதவு உடைந்தது, திரையில். போலீஸ்காரன் உள்ளே வந்தான். மறுபடி கதவு உடைந்தது. படத்துக்கு அடியில் இருந்த சிவப்புக் கோடு ஓர் இம்மியும் நகரவில்லை. மீதி இருபது நிமிடம் என்று காட்டிக்கொண்டே இருந்தது.