முகவரி மாறக்கூடாது

யன்னல் விளிம்பை இமெல்டா மூன்றாவது தடவையாகத் துடைத்தாள். துணியில் மறுபடியும் சாம்பல்.

வெளியே மைனஸ் இருபது. கனடாவின் ரொக்ஸ்பரோவில் யாரும் யன்னல் திறக்கும் காலமில்லை. அவளுடைய யன்னல்களுக்கோ கணவன் யோசெப் கார்த்திகையிலேயே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஹெயர் டிரையரால் சூடாக்கி இறுக்கியிருந்தான். அடுப்பும் இன்னும் மூட்டவில்லை. ஆனாலும் விரல்களுக்கிடையே கண்ணாடித் தூளாக நறநறக்கும் அந்தச் சாம்பல். ஒரு பெட்டித் தீக்குச்சியை ஒன்றாக உரசியது போல, சமையலறை முழுக்கக் கந்தக நெடி.

அவளுடைய தம்பி றொக்சன் இந்தோனேசியாவில் இருந்தான். எரிமலை அடிவாரத்தில், தகரக் கூரை போட்ட வாடகை அறையில், அகதி அட்டையோடு எட்டு வருடம். இங்கே தேவாலயப் பங்கில் ஐந்து குடும்பங்கள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு, அவனைக் கனடாவுக்குக் கூப்பிட விண்ணப்பித்திருந்தன.

நேற்று அழைத்திருந்தான். மலை புகைகிறது, சனமெல்லாம் லொறியில் ஏறிப் போகிறது, தானும் போகட்டுமா என்று கேட்டான்.

“பதிஞ்ச முகவரியை விட்டு அசையாதை,” என்றாள் இமெல்டா. “இந்தக் கிழமை நேர்முகத்துக்குக் கடிதம் வரும். ஆள் இல்லையெண்டா பைலை மூடிப்போடுவாங்கள்.”

“சரி மேடம். கனடாக்காரி சொன்னா மறுபேச்சு இருக்கே?” சிரித்துவிட்டு வைத்தான்.

இப்போது கைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு, திரை முழுக்கக் கறுப்பு. தகரத்தில் மூட்டை மூட்டையாக அரிசி கொட்டுவது போல ஓயாத இரைச்சல். அதற்கு நடுவே றொக்சனின் மூச்சு.

“கதவு துறபடுதில்லை அக்கா. வெளியில நெஞ்சளவு சாம்பல்.”

வீட்டுத் தொலைபேசியில் தெரிந்த இலக்கங்களையெல்லாம் அழுத்தினாள். ஏதோ ஓர் அலுவலகத்தின் பதிவுக் குரல் பிரெஞ்சில் காத்திருக்கச் சொல்லிவிட்டு இசைக்குப் போனது. யோசெப் மெட்ரோ ரயிலுக்குள், அழைப்பு எடுபடவில்லை. பாதி உலகத்துக்கு அப்பால் ஒரு கதவு. கைபேசியைக் காதோடு அழுத்துவதைத் தவிர அவளிடம் ஒன்றுமில்லை.

“அங்கை ஸ்னோ கொட்டுதோ?”

“ஓம் ராசா.”

“இங்கையும் அப்பிடித்தான் கிடக்கு. சுடுது.”

தகரம் முனகியது. வளைந்தது. பிறகு சத்தமே இல்லை.

இணைப்பு மட்டும் அறவில்லை. திரையில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

வாசல் மணி அடித்தது.

அதே மணி கைபேசிக்குள்ளும் அடித்தது.

கதவுக் கண்ணாடிக்கு அப்பால் றொக்சன். தலைமயிர், இமை, உதடு, எல்லாம் சாம்பல். நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் பைல். அவனுக்குப் பின்னால், படிகளின் பனியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

பிடியைத் திருகினாள். இழுத்தாள். தோளால் மோதினாள். கதவு திறக்கவில்லை.

கண்ணாடியின் அடியிலிருந்து சாம்பல் ஏறியது. முழங்கால். இடுப்பு. பைல்.

ஓடு என்று கத்தினாள். கண்ணாடியில் அறைந்தாள்.

கழுத்து.

வாய்.

கண்கள் மட்டும் மிஞ்சின. அக்காவையே பார்த்துக்கொண்டு, அவள் சொன்னபடியே, அசையாமல் நின்றான்.